ஜி.ஐ. ஜோவுக்குப் பதில் எது? மலிவு ராணுவப் பொம்மைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ கிளாசிஃபைட் என்ற ராணுவப் பொம்மை வரிசை 2020-ல் வந்தபோது ஒரு பொம்மை 19.99 டாலர். சில ஆண்டுகளிலேயே அது 25 டாலரைத் தொட்டுவிட்டது. ஒரு நாயகன், ஒரு வில்லன் என்றால் சமாளித்துவிடலாம். எட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு படைப்பிரிவை, அதாவது ஒரு செக்‌ஷனை அலமாரியில் வரிசையாக நிறுத்த ஆசைப்பட்டால் 200 டாலர் காலி. அதற்கு மேல் அனுப்புக் கூலி, வரி. அங்கேதான் பலரும் மாற்று தேட ஆரம்பிக்கிறார்கள். லனார்ட், சாப் மேய், எம் அண்ட் சி, ஜாய்டாய், பழைய ஃபன்ஸ்கூல் என்று நாலைந்து பெயர்கள் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றும் விடுகிறார்கள்.

அட்டையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட முடியாது. நான்கு டாலர் சிப்பாய்க்குத் துப்பாக்கி மாற்றி, பெயின்ட் அடித்து, தளர்ந்த இடுப்பை இறுக்கி அலமாரியில் ஏற்றும்போது என்ன செலவாகியிருக்கும் என்பதுதான் கணக்கு. கீழே உள்ள எல்லாத் தீர்ப்புகளும் அந்தக் கணக்கில் வந்தவை. விலைகள் அமெரிக்கக் கடைவிலைகள், தோராயமானவை.

## எதை வைத்து எடை போடுவது

ஸ்கேல், அதாவது நிஜ ஆளில் எத்தனையில் ஒரு பங்கு என்ற அளவு. இதை முடிவு செய்யாமல் வாங்க ஆரம்பிப்பவர் இரண்டு தடவை செலவழிப்பார். ராணுவப் பொம்மைகளில் மூன்று அளவுகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. 1/6 என்றால் ஏறக்குறைய 30 செ.மீ. உயரம், 1964-ல் வந்த முதல் ஜி.ஐ. ஜோ இந்த அளவு. 1/12 என்றால் 15 செ.மீ.; கிளாசிஃபைட் இதில் வரும். 1/18 என்றால் 10 செ.மீ.க்குச் சற்று முன்பின். 1982-ல் ‘ரியல் அமெரிக்கன் ஹீரோ’ என்ற பெயரில் வந்த மூன்றேமுக்கால் அங்குல ஜோக்கள் இந்த ரகம். மலிவுச் சரக்கு 1/18-லும் 1/6-லும் குவிந்து கிடக்கிறது. நடுவில் உள்ள 1/12-ல் உருப்படியானது மிகக் குறைவு. கிளாசிஃபைடுக்குப் பக்கத்தில் நிறுத்த மலிவாக ஒன்று வேண்டும் என்பவர் முதலிலேயே இதை ஏற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

விற்பவர் ஸ்கேலைச் சொல்லாமல் ‘மிலிட்டரி ஃபிகர்’ என்று மட்டும் போட்டிருந்தால், துப்பாக்கியை அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஏகே-47-ன் நிஜ நீளம் சுமார் 87 செ.மீ. 1/6-ல் அது 14.5 செ.மீ., 1/12-ல் 7.2 செ.மீ., 1/18-ல் 4.8 செ.மீ. எம்4 கார்பைன், பின்கட்டையை நீட்டிய நிலையில் 84 செ.மீ.; அதே வரிசையில் 14, 7, 4.7 செ.மீ. ஆள் ஓர் அளவு, ஆயுதம் இன்னோர் அளவு என்று வருவது மலிவுப் பொம்மைகளில் சகஜம். இரண்டையும் அளந்தால்தான் பெட்டிக்குள் வருவது முழு சிப்பாயா, துப்பாக்கியைத் தனியாக வாங்க வேண்டிய சிப்பாயா என்று தெரியும்.

மூட்டுகள். எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் குறி பார்க்க மேல்கை சுழல வேண்டும், முழங்கை 90 டிகிரி மடங்க வேண்டும், மணிக்கட்டு கொஞ்சமாவது திரும்ப வேண்டும். 1982-ன் முதல் தொகுதி ஜோக்களுக்கு மேல்கை சுழலாது. 1983-ல் அதைச் சேர்த்த பிறகுதான் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடிக்க முடிந்தது. நாற்பது ஆண்டு கழித்தும் பல மலிவு வரிசைகள் அந்த 1982-லேயே நிற்கின்றன.

உறையைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். முழங்கையின் பக்கவாட்டில் சிறு வட்டமாக ஆணித் தலை தெரிந்தால் மடங்கும். துணி மடிப்பு மட்டும் வார்க்கப்பட்டிருந்தால் மடங்காது. மேல்கையைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு ஓடினால் சுழலும். பூட்ஸின் மேல்விளிம்பில் இடைவெளி இருந்தால் கணுக்கால் அசைய வாய்ப்புண்டு. கணுக்கால் அசையாத பொம்மை இரண்டு காலையும் சேர்த்து நேராகத்தான் நிற்கும். காலை அகட்டினால் பாதத்தின் ஓரம் மட்டும் தரையில் படும், மறுநாள் காலையில் குப்புறக் கிடக்கும்.

கை. உள்ளங்கைக் குழிக்கும் துப்பாக்கிப் பிடிக்கும் அரை மில்லிமீட்டர் பொருந்தாவிட்டாலும் 1/18-ல் ஆயுதம் நழுவும், இல்லையென்றால் கட்டைவிரல் உடையும்.

ஒரே சிப்பாய் திரும்பத் திரும்பக் கிடைப்பது. படை சேர்ப்பவருக்கு இது உயிர். கிளாசிஃபைடிலேயே அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்கு மட்டும் என்று வந்த ‘கோப்ரா ஐலண்ட்’ துணைவரிசைப் பொம்மைகளைப் பலர் கண்ணாலேயே பார்க்கவில்லை. மறுவிற்பனையாளர்கள் அள்ளிவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பது. ரப்பர் வளையம், பிசுபிசுப்பு, உதிரிப் பாகம், விற்றால் வரும் காசு.

## ஒரே பார்வையில்

| வரிசை | ஸ்கேல் | ஒன்றின் விலை | அசைவு | கூடுதலாக ஆகும் செலவு |
|---|---|---|---|---|
| லனார்ட் ‘தி கோர்’ | 1/18 | 5 டாலருக்குள் | குறைவு | ஆயுதம், பெயின்ட், நேரம் |
| சாப் மேய் ‘சோல்ஜர் ஃபோர்ஸ்’ | 1/18-ஐவிடச் சற்றுப் பெரிது | 5 டாலரை ஒட்டி | மிகக் குறைவு | மற்ற வரிசைகளோடு உயரம் ஒத்துவராது |
| எம் அண்ட் சி ‘வேர்ல்ட் பீஸ்கீப்பர்ஸ்’ | 1/18, 1/6 | 1/6-க்கு 10 முதல் 20 டாலர் | நடுத்தரம் | தலை, சீருடை மாற்றம் |
| ஜாய்டாய் | 1/18 | 20 டாலரிலிருந்து | மிக நன்று | தொலையும் சிறு பாகங்கள், வண்டி |
| ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ, பழையது | 1/18 | நிலையைப் பொறுத்து | நன்று | ரப்பர் வளையம், காணாமல் போன ஆயுதம் |
| வாலாவர்ஸ் ‘ஆக்‌ஷன் ஃபோர்ஸ்’ | 1/12 | 35 டாலருக்கு மேல் | மிக நன்று | மலிவே இல்லை |

## லனார்ட் ‘தி கோர்’

ஹாங்காங்கைச் சேர்ந்த லனார்ட் 1986-லிருந்து இந்த வரிசையை விற்கிறது. ஜி.ஐ. ஜோ உச்சத்தில் இருந்த காலத்தில் பாதி விலைக்கு வந்தது. ஜோ 1994-ல் நின்றபோதும் இது நிற்கவில்லை. ஒரே உடலை நிறம் மாற்றி, தலை மாற்றி வருடக்கணக்கில் ஓட்டுவது லனார்டின் வழக்கம். ஒற்றை நாயகன் தேடுபவருக்கு இது குறை. படை சேர்ப்பவருக்கோ வரம், ஏனென்றால் ஒரே மாதிரி உடல்கள் சல்லிசாகக் கிடைக்கும்.

குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சாதாரணப் பொம்மைகளில் மணிக்கட்டும் கணுக்காலும் அசையாது. ஆயுதம் ஒரே நிற மெத்துப் பிளாஸ்டிக். துப்பாக்கிக் குழாய், பெட்டியிலேயே வளைந்து வரும். சட்டைக்கும் தோலுக்கும் நடுவில் நிறம் வழிந்திருக்கும். பெரிய கடைகளுக்காக வரும் ‘எலீட்’ போன்ற தொகுதிகளில் மூட்டுகள் கூடுதல். அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், மேலே சொன்னபடி உறைக்கு வெளியிலிருந்து மூட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

பின்வரிசைக் காவலர்கள், மணல்மூட்டைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவர்கள், லாரிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள், பெயின்ட் பழகுவதற்கான உடல்கள்: இந்த வேலைகளுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. முன்வரிசையில், கண்மட்டத்தில் நிறுத்த வாங்காதீர்கள். குழந்தை விளையாடும் வீடு என்றாலும் இதுவே சரி. உடைந்தால் மனசு நோகாது.

## சாப் மேய் ‘சோல்ஜர் ஃபோர்ஸ்’

இதுவும் ஹாங்காங் நிறுவனம்தான். அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளில் ‘ட்ரூ ஹீரோஸ்’ என்ற சொந்தப் பெயரில் விற்றதில் பலவும் சாப் மேய் சரக்கு. 2018-ல் அந்தச் சங்கிலிக் கடைகள் அங்கே மூடியதும் கிடைப்பது சிதறிவிட்டது.

செதுக்கலில் முறுக்கு அதிகம். தோள் அகலம், கை ஏற்கெனவே மடங்கிய நிலையில் வார்க்கப்பட்டது, காலை அகட்டிய நிற்பு. ஒரு போஸில் பார்க்க லனார்டைவிட அழகு. வேறு போஸ் கிடையாது, அவ்வளவுதான். உயரம் 10 செ.மீ.யைத் தாண்டும், உடம்பும் தடிமன். பழைய ஜோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும்.

இதில் வாங்க வேண்டியது பொம்மையை அல்ல, வண்டியையும் தளத்தையும். ஜீப், ஹெலிகாப்டர், காவல் கோபுரம் எல்லாம் பெட்டியாக வரும். ஸ்பிரிங் ஏவுகணைக் குழாயை வெட்டி எடுத்துவிட்டு, சைனா ஒட்டுத்தாள்களை உரித்து, மங்கலான பச்சை அடித்தால் 1/18 டயோரமாவில் (சிறு காட்சி மாதிரியில்) உண்மையிலேயே எடுபடும். வெட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கண்ணில் தெறிக்கும்.

## எம் அண்ட் சி ‘வேர்ல்ட் பீஸ்கீப்பர்ஸ்’

அமெரிக்கக் கடைகளில் ‘பவர் டீம் எலீட்’ என்ற பெயரிலும் கிடைத்தது. 1/18-ல் லனார்டைவிட ஒரு படி மேல். நிறங்கள் நிஜ ராணுவத்துக்கு நெருக்கம், முகங்களில் கார்ட்டூன் தனம் குறைவு. ஆனால் இதன் உண்மையான மதிப்பு 1/6-ல்தான்.

1/6-ல் சோல்ஜர் ஸ்டோரி, டாம்டாய்ஸ், ஈஸி அண்ட் சிம்பிள் போன்றவர்களின் ஒரு பொம்மை 150 டாலருக்கு மேல், 200-ஐத் தாண்டுவதும் சாதாரணம். பீஸ்கீப்பர்ஸ் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த விலைக்கு மூட்டுள்ள உடல், துணிச் சீருடை, வெஸ்ட், ஹெல்மெட், இரண்டு மூன்று ஆயுதங்கள் வந்துவிடும். குறை எங்கே என்றால் துணியில். தையல் இந்த அளவுக்குப் பருமன், பின்பக்க வெல்க்ரோ கனம், கால்சட்டை இடுப்பில் உப்பி நிற்கும். ஹெல்மெட்டும் வெஸ்ட்டும் ஒரே நிறத்தில் பளபளக்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்று வேலைகள் இதை வேறு பொம்மையாக்கும். சீருடையைக் கழற்றி, ஆறிய டீ டிகாஷனில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பிழியாமல் சுருட்டிக் காயவைத்தால் புதுத்துணிக் களை போய், மடிப்புகளும் சிறு அளவில் விழும். வெல்க்ரோவை எடுத்துவிட்டு பிரஸ் பட்டன் தைத்தால் முதுகு தட்டையாகும். வெஸ்ட்டிலும் ஹெல்மெட்டிலும் மேட் வார்னிஷ் பூசி, விளிம்புகளில் வெளிர் மணல் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் பிளாஸ்டிக் வாடை அடங்கும்.

ஆயுதத்துக்கு ‘4டி’ என்ற பெயரில் விற்கும் கோத்துச் சேர்க்கும் துப்பாக்கிகள் நல்லவை. அவை 1/6 அளவு, ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும். கிளாசிஃபைடுக்கு என்று இவற்றை வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய. 15 செ.மீ. ஆளின் கையில் 14 செ.மீ. ரைஃபிளைக் கொடுத்தால் பீரங்கி தூக்கி நிற்பது போலிருக்கும். லெகோ அளவில் வரும் துப்பாக்கிகளுக்கு எதிர்த்திசையில் இதே கதை.

1/6-ல் இடம்தான் மறைசெலவு. எட்டுப் பேரை நிறுத்த ஒரு முழு அலமாரித் தட்டு, 35 செ.மீ. உயரம் வேண்டும். வாடகை வீட்டில் இதை யோசிக்காமல் இறங்க வேண்டாம்.

## ஜாய்டாய்

சீனாவின் ஜாய்டாய் வந்த பிறகு 1/18-ன் நிலைமையே மாறிவிட்டது. 10.5 செ.மீ. உயரப் பொம்மையில் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் அசையும். கை மாற்றுகள், கழற்றி மாட்டும் பைகள், ஆயுதங்கள் வரும். சீன ராணுவச் சிப்பாய்கள் முதல் அறிவியல் புனைவுப் படைகள் வரை உண்டு. வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் உரிமத்தில் வருபவை விலை அதிகம். இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

20, 25 டாலர் மலிவா என்று கேட்கலாம். மலிவில்லை. கிளாசிஃபைடின் விலைதான், அளவும் சிறிது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் வேலை முடிந்தது. பெயின்ட் வேண்டாம், ஆயுதம் தேட வேண்டாம்.

இதில் உடைவது மணிக்கட்டு. கைகளை மாற்றும்போது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள முளை உள்ளேயே முறிந்து நின்றுவிடும். காரணம், பெயின்ட் மூட்டுக்குள் இறங்கி ஒட்டியிருக்கும், நாம் முறுக்கி இழுப்போம். பெட்டியிலிருந்து எடுத்ததும் மணிக்கட்டையும் முழங்கையையும் சூடான தண்ணீரில் அரை நிமிடம் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். உள்ளே முறிந்தால் 0.8 மி.மீ. துரப்பணத்தால் துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியைச் சொருகி சூப்பர் குளூ வைக்கலாம். கை நிற்கும், சுழலாது. இன்னொன்று, இடுப்புப் பைகள் முளையில் மாட்டுபவை. போஸ் மாற்றும்போது தெறித்துக் கட்டிலுக்கடியில் போகும். வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.

பழைய ஜோ வண்டிகளில் இவற்றை உட்கார வைக்கும் திட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். முதுகில் மூட்டையும் தொடையில் பையும் இருக்கும்வரை இருக்கையில் அமராது. பாதத்தின் துளையும் பழைய வண்டித் தளத்தின் முளையும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இரண்டு மூன்று பேர் போதும், மேசையில் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கப் போகிறார்கள் என்றால் ஜாய்டாய்தான்.

## பழையவை: ஃபன்ஸ்கூலும் 2000-களின் மிச்சமும்

எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கியது ஃபன்ஸ்கூல். தலைமையகம் சென்னை. அமெரிக்காவில் தயாரிப்பு நின்ற பிறகும் அந்த 1980-களின் அச்சுகளில் இந்தியாவில் ஜி.ஐ. ஜோக்கள் வார்க்கப்பட்டு, 2000-களின் தொடக்கம் வரை கடைகளில் கிடைத்தன. அந்த நாட்களில் அமெரிக்க சேகரிப்பாளர்களுக்கே மலிவு மாற்று ஃபன்ஸ்கூல்தான். இங்கிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ். அட்டை பிரிக்காத ஃபன்ஸ்கூல் ஒன்று கைக்கு வந்தால் அதை மலிவு மாற்று என்று பிரித்துவிடாதீர்கள், விற்கலாம்.

நமக்கு வேண்டியது ஆயுதம் தொலைந்த, பெயின்ட் தேய்ந்த, அட்டை இல்லாத ‘லூஸ்’ பொம்மைகள். பரணில் கிடந்த டப்பாவாக, ஐந்தாறு சேர்த்து வாங்கும்போது இன்றும் விலை நியாயமாகவே அமையும். மூட்டுகளில் இதோடு போட்டியிடும் மலிவுப் பொம்மை கிடையாது, அச்சு அசல் ஜோவின் அச்சு. நிறம் மட்டும் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரே பெயருள்ள இரண்டு பொம்மைகள் வேறு வேறு பச்சையில் இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

வாங்கும் முன் நான்கு இடம் பார்க்க வேண்டும். கட்டைவிரல்: பெரிய பிடியைத் திணித்ததில் போயிருக்கும், ஒட்டினாலும் நிற்காது. இடுப்புக்குக் கீழே கால்கள் சேரும் ஆப்புத்துண்டு: நடுவில் கீறல் இருந்தால் விலையைப் பாதியாக்குங்கள். முழங்கை: ஆணியைச் சுற்றி வெடிப்பு இருக்கும். முதுகுத் திருகு: கடலோர ஊர்ப் பொம்மை என்றால் துருப்பிடித்திருக்கும், தலை வழுக்கிவிட்டால் திறப்பது கஷ்டம்.

இடுப்பு ஆடினால் பயப்பட வேண்டாம். அது வியாதியில்லை, வயசு. மார்பையும் காலையும் இழுத்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் ஓ-ரிங். முதுகுத் திருகைக் கழற்றி, மார்பின் இரண்டு பாதிகளையும் பிரித்தால், உள்ளே தூணில் ஒரு முனையும் கால்களைச் சேர்க்கும் உலோகக் கொக்கியில் மறுமுனையுமாக அந்த வளையம் தெரியும். பழைய வளையத்தை ஒரு காகிதத்தில் வைத்து விட்டத்தையும் தடிமனையும் வரைந்து எடுத்துப் போனால், குழாய்ச் சாமான் கடையிலோ வாட்ச் பழுதுபார்ப்பவரிடமோ நெருக்கமான அளவு கிடைக்கும். ஒரு சுற்றுத் தடிமன் கூடிவிட்டால் மார்பு மூடாது. அழுத்தித் திருகினால் அந்த ஆப்புத்துண்டுதான் உடையும். தோள்கள் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள்.

இதே பழைய சந்தையில் பிபிஐ நிறுவனத்தின் ‘எலீட் ஃபோர்ஸ்’, ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி டாய்ஸின் 1/18 சிப்பாய்களும் கிடைக்கும். 2000-களில் வந்தவை. நிஜச் சீருடை, நிஜ ஆயுதம் என்று பார்த்தால் இந்த மொத்தப் பட்டியலிலும் அவைதான் முதலிடம். இரண்டாம் உலகப்போர் சிப்பாய் வேண்டும் என்றால் வேறு யோசனை தேவையில்லை. மெல்லிய மூட்டு முளைகள் வயதானதும் முறியும் என்பதால் சூடேற்றாமல் எதையும் திருப்பக் கூடாது.

## 1/12-ல் நிற்க வேண்டியவருக்கு

ஹாஸ்ப்ரோவில் வடிவமைப்பாளராக இருந்த பாபி வாலா 2020-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் மூலம் தொடங்கியது வாலாவர்ஸின் ‘ஆக்‌ஷன் ஃபோர்ஸ்’. தரம் கிளாசிஃபைடுக்கு நிகர், நிஜ ராணுவத் தோற்றத்தில் ஒரு படி மேல் என்றே சொல்லலாம். விலையும் மேல்தான். இதை மலிவு மாற்று என்று சிலர் சிபாரிசு செய்வது வேடிக்கை. ஆனால் தனியாக விற்கும் ஆயுத, உபகரணப் பொதிகள் பயனுள்ளவை. தள்ளுபடியில் தேங்கும் கிளாசிஃபைட் நாயகர்கள் இருவர் மூவரை வாங்கி, நிறம் மாற்றி, தலைக்கவசம் மாட்டி, இந்தப் பொதியிலிருந்து ஆயுதம் கொடுப்பதுதான் 1/12-ல் இருக்கும் ஒரே நியாயமான மலிவு வழி. யாருக்கும் பிடிக்காத வண்ணத்தில் வந்த பொம்மைதான் தள்ளுபடிக்கு வரும். பெயின்ட் அடிக்கப் போகிறவருக்கு அந்த வண்ணத்தைப் பற்றி என்ன கவலை?

## எட்டுச் சிப்பாய்களுக்கு ஒரு கணக்கு

லனார்ட் ஒன்று 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1/18 ஆயுதங்களைத் தனியாக விற்கும் மரோடர் கன்-ரன்னர்ஸ் போன்றவர்களிடமிருந்து ஆளுக்கு ஒன்றரை டாலருக்கு ஆயுதம். பிரைமர் என்ற அடிப்பூச்சு, ஐந்து அக்ரிலிக் நிறங்கள், மடிப்புகளில் இறங்கும் நீர்த்த நிறமான ஒரு கருப்புப் பழுப்பு வாஷ், மேட் வார்னிஷ், இரண்டு தூரிகை எல்லாம் சேர்த்து 30 டாலர்.

எட்டுப் பேருக்கு 32, 12, 30. மொத்தம் 74 டாலர், ஆளுக்கு 9.25. ஜாய்டாயில் இதே எட்டுப் பேர் 25 டாலர் வீதம் 200. இரண்டே பேர் போதும் என்றால் லனார்டில் 8, 3, 30. மொத்தம் 41, ஆளுக்கு இருபது டாலரைத் தாண்டிவிடும். ஜாய்டாய் இரண்டு 50 டாலர். ஒன்பது டாலர் மிச்சத்துக்காக இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து, கடைசியில் மணிக்கட்டு அசையாத ஆளைப் பெறுவது புத்திசாலித்தனமில்லை. நான்கு பேரில் 52 எதிர் 100. அங்கிருந்துதான் மலிவு உண்மையிலேயே மலிவாகிறது. பெயின்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் முதல் ஆளிலிருந்தே.

நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கழுவி, பிரைமர் போட்டு, நான்கு நிறம், வாஷ், வார்னிஷ் என்று ஒரு ஆளுக்கு காயும் நேரம் போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். எட்டுப் பேரையும் வரிசையில் வைத்து ஒரு நிறம் முடிந்ததும் அடுத்தது என்று போனால் பாதியாகும்.

## பெயின்ட் எங்கே சொதப்புகிறது

அச்சிலிருந்து எளிதாகக் கழல அடிக்கும் எண்ணெய் பொம்மை மேல் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நான்கு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, இரவு முழுவதும் காயவிட வேண்டும். இதைத் தாண்டிவிட்டால் பெயின்ட் நகத்தில் உரிந்து வரும்.

எனாமல் பெயின்டைக் கிட்டவே சேர்க்காதீர்கள். மெத்துப் பி.வி.சி.யில் உள்ள மென்மையாக்கி மேலே வந்து எனாமலோடு கலப்பதால் அது மாதக் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். கேனில் வரும் சில மேட் ஸ்பிரேக்களும் இப்படித்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக், தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷ், இரண்டும் பாதுகாப்பு. மூட்டுக்குள் உரசும் பரப்பில் பெயின்ட் அடிக்காமல் விடுங்கள். அடித்தாலும் முதல் தடவை திருப்பும்போதே சுரண்டிக்கொண்டு வந்துவிடும்.

கை இறுகலாக இருந்தால் கொதித்து இறக்கிய தண்ணீரில் 30 வினாடி பிடித்து, துப்பாக்கியைச் சொருகி, உடனே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தவும். இது பி.வி.சி. கைக்குத்தான் பலிக்கும். ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கை அந்தச் சூட்டுக்கு இளகாது, அழுத்தினால் விரல் போகும். விரலை நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். பிடி தளர்வாக இருந்தால் துப்பாக்கியின் பிடியில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று.

## இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கு

பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20-லிருந்து 60 சதவீதமானது. 2023-ல் 70 சதவீதம். 2021 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் செயலியும் தடை செய்யப்பட்டது. லனார்டும் எம் அண்ட் சியும் நம் கடைகளில் தட்டுப்படாததற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணம். ஐந்து டாலர் பொம்மையைத் தனியாக வரவழைத்தால் அனுப்புக் கூலி பொம்மையின் விலையைத் தாண்டும். மலிவு வரிசை என்றால் எட்டோ பத்தோ சேர்த்து ஒரே பொதியாக வாங்குங்கள், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் ஓர் ஓரம் கேளுங்கள். துப்பாக்கிகளைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவது நிஜ எடையைவிட அதிகம் என்றால் அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். 35, 20, 10 செ.மீ. உள்ள ஒரு 1/6 பெட்டி அரைக் கிலோ எடையே இருந்தாலும் 1.4 கிலோவாகக் கணக்கிடப்படும். ஜன்னல் பெட்டியை விட்டுவிட்டு பொம்மையைக் குமிழி உறையில் சுற்றி அனுப்பச் சொன்னால் இதில் பாதிக்கு மேல் மிச்சமாகும். அனுப்புவதற்கு முன் ஆயுதங்களையும் சிறு பைகளையும் தனி ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரைப் பொம்மையோடு டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். பிரித்த பொதியில் துப்பாக்கி மட்டும் இல்லை என்ற புகார்தான் அடிக்கடி வருவது, அது பெரும்பாலும் தூக்கிப்போட்ட அட்டைப் பெட்டியின் மடிப்பில்தான் கிடக்கும்.